ஊர் திரும்பும் பிலிப்பீன்ஸ் தொழிலாளர்களும் குடும்பங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிப்பீன்ஸ் பணிப்பெண்களுக்கு நடக்கும் சேமிப்பு வகுப்புகளில் உதவி செய்கிறேன். அது தெரிந்த நம் தமிழ் நண்பர்கள், குறிப்பாக வீட்டில் பணிப்பெண் வைத்திருப்பவர்களும் வளைகுடாவில் பிலிப்பினோ சக ஊழியர்களோடு வேலை செய்பவர்களும், திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

மொத்தம் எத்தனை பேர் இப்படி வெளிநாட்டில் இருக்கிறார்கள்? எல்லோரும் வீட்டு வேலைதானா?

பிலிப்பீன்ஸ் புள்ளிவிவர ஆணையத்தின் 2023 கணக்கின்படி சுமார் 21.6 லட்சம் பேர். பாதிக்கு மேல் பெண்கள். ஐந்தில் ஒருவர் சவூதியில் இருந்தார். வீட்டு வேலை, துப்புரவு போன்ற வேலைகளில்தான் கூட்டம் அதிகம். அவர்களோடு தாதியர், கட்டுமானத் தொழிலாளர், ஹோட்டல் ஊழியர், கப்பல் மாலுமிகள் எல்லோரும் உண்டு. 2024இல் வங்கிகள் வழியாக மட்டும் ஊருக்கு வந்த பணம் 3,400 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் அது ஏறக்குறைய 7.5 சதவீதம்.

திரும்பி வருகிறவர் எல்லோருக்கும் ஒரே உதவிதானா?

இல்லை, குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்தம் முடிந்து பெட்டி கட்டி வருபவர் ஒரு வகை. முதலாளி பாதியில் துரத்தியதால் வருபவர், அடி தாங்காமல் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து வருபவர், போர் அல்லது நோய்த்தொற்றால் கூட்டமாக ஏற்றிவிடப்படுபவர், உடம்புக்கு முடியாமல் வருபவர், வயதாகி ஓய்வுக்கு வருபவர் எல்லோரும் வேறு வேறு வகை. 2020இல் கொரோனாவால் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்நாட்டு அரசு திருப்பி அழைத்துவந்தது.

அரசின் உதவித் திட்டங்களில் பெரும்பாலானவை 'பாதிக்கப்பட்டு வந்தவர்' என்ற வகைக்கானவை. இருபது வருடம் ஒழுங்காக வேலை பார்த்துவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போகிறவருக்குக் கடனும் பயிற்சியும்தான் உண்டு, கையில் காசாகக் கிடைப்பது அரிது. ஆகவே முதலில் அவர் எந்த வகை என்று பாருங்கள். மீதிக் கேள்விகள் அதற்குப் பிறகுதான்.

அரசாங்கத்தில் யாரிடம் போக வேண்டும்? பெயர்களே தலை சுற்றுகிறது.

மூன்று பெயர்கள் போதும். புலம்பெயர் தொழிலாளர் துறை (சுருக்கமாக டி.எம்.டபிள்யூ), 2021 டிசம்பர் 30இல் கையெழுத்தான சட்டத்தால் உருவானது. அதன் கீழ் வரும் ஓவ்வா, தொழிலாளர் நல நிதியைக் கையாளும் அமைப்பு. உதவித்தொகை, படிப்புச் செலவு, இறப்பு நிதி எல்லாம் இதன் பொறுப்பு. மூன்றாவது, ஊர் திரும்பியோர் மறுவாழ்வு மையமான என்.ஆர்.சி.ஓ. இவற்றுக்கு மாநில அளவில் கிளைகள் இருக்கின்றன. பல நகராட்சிகளில் 'பெசோ' எனப்படும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே இவர்களுக்கான மேசை உண்டு. சிங்கப்பூரில் இருக்கும்போதே என்றால் நாசிம் சாலையில் உள்ள பிலிப்பீன்ஸ் தூதரகத்தில் கேட்கலாம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் சிங்கப்பூருக்கும் தொடர்பு உண்டு. அந்த ஆண்டு மார்ச் 17 அன்று ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் என்ற பணிப்பெண் இங்கே கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். மணிலாவில் எழுந்த கோபத்துக்கு நடுவே, ஜூன் 7இல் அந்தச் சட்டம் வந்தது. இன்றும் ஜூன் 7தான் அங்கே புலம்பெயர் தொழிலாளர் நாள்.

ஓவ்வா உறுப்பினர் என்கிறார்களே, அது தானாக வந்துவிடுமா?

முறைப்படி ஒப்பந்தம் பதிவாகி வெளிநாடு போனால் ஆரம்பத்தில் 25 அமெரிக்க டாலர் கட்டி உறுப்பினராவார்கள். அது ஒப்பந்த காலத்துக்குத்தான், அதிகபட்சம் 2 ஆண்டு. அதன்பின் புதுப்பிக்க வேண்டும். பலர் முதல் தடவை கட்டியதோடு மறந்துவிடுகிறார்கள். ஊர் திரும்பி உதவி கேட்கும்போது 'உங்கள் உறுப்பினர் காலம் முடிந்துவிட்டது' என்ற பதில் வருகிறது. சில திட்டங்களில் பழைய உறுப்பினருக்கும் தருவார்கள், தொகை குறையும்.

உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 25 டாலர் என்பது நமக்கு ஒரு வேளை குடும்பமாக வெளியே சாப்பிடும் செலவுகூட இல்லை.

சரி, கையில் எவ்வளவு கிடைக்கும்?

வேலை இழந்தோ பாதிக்கப்பட்டோ திரும்பிய ஓவ்வா உறுப்பினருக்குச் சிறுதொழில் தொடங்க 'பாலிக் பினாஸ், பாலிக் ஹனாப்புஹாய்' திட்டத்தில் அதிகபட்சம் 20,000 பெசோ (இது அந்நாட்டு நாணயம், மேலே சொன்ன அலுவலகம் அல்ல). இது திருப்பிக் கட்ட வேண்டாத பணம். அதற்கு முன் ஒரு சிறு பயிற்சியில் உட்கார வேண்டும். திரும்பியவர்கள் குழுவாகச் சேர்ந்து பதிவு செய்துகொண்டால் தனித் திட்டம் ஒன்றில் 1.5 லட்சம் முதல் 10 லட்சம் பெசோ வரை குழுவுக்குக் கிடைக்கும்.

பெரிதாகச் செய்ய நினைப்பவருக்குக் கடன் இருக்கிறது. லேண்ட் பேங்க் போன்ற அரசு வங்கி வழியாக, தனி ஆளுக்கு 1 லட்சம் முதல் 20 லட்சம் பெசோ வரை, ஆண்டுக்கு 7.5 சதவீத வட்டியில். வட்டி நியாயம்தான். ஆனால் தொழில் திட்டம் எழுதித்தர வேண்டும், ஈடு காட்ட வேண்டும், முதலில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே போட வேண்டும். இதைத் தாண்டிக் கடன் வாங்குகிறவர்கள் பொதுவாக ஏற்கெனவே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறவர்கள்தான்.

ஒரு கணக்கையும் பாருங்கள். சிங்கப்பூரில் 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் என்றால் ஏறத்தாழ 30,000 பெசோ. அந்த 20,000 பெசோ உதவி அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவு. அரசு பார்த்துக்கொள்ளும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

முறையான காகிதம் இல்லாமல் போனவருக்கு ஒன்றுமே கிடையாதா?

கிடைக்கும், குறைவாக. நாடு திரும்ப உதவுவதிலும் சட்ட உதவியிலும் காகிதம் உள்ளவர், இல்லாதவர் என்று சட்டம் பிரிக்கவில்லை. திரும்பிய பின் மறுவாழ்வு மையம் இவர்களுக்குத் தொழில் கருவியாகவோ சரக்காகவோ 10,000 பெசோ மதிப்புக்குத் தருகிறது. புலம்பெயர் தொழிலாளர் துறையிடம் 'அக்ஷன் நிதி' என்று அவசர உதவி நிதியும் உண்டு. ஓவ்வா உறுப்பினர் இல்லாதவர் இதைத்தான் கேட்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேர்ந்தவர்கள் வெளிநாட்டில் இருக்கும்போதே தூதரகத்தில் பதிவு செய்து உறுப்பினராக முடியும். ஊருக்குப் போனபின் அது கடினம்.

எங்கள் வீட்டுப் பணிப்பெண் இந்த வருடத்தோடு ஒரேயடியாகப் போகிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சட்டப்படி செய்ய வேண்டியது எளிது: பாக்கியில்லாமல் சம்பளம், ஊருக்கு விமானச் சீட்டு, இரண்டும் முதலாளி பொறுப்பு. சீட்டு மணிலாவுக்கு மட்டுமல்ல, அவர் ஊருக்குப் பக்கத்து விமான நிலையம் வரை எடுத்துக் கொடுங்கள். இலோயிலோவிலோ தாவாவிலோ வீடு இருப்பவரை மணிலாவில் இறக்கிவிட்டால் இன்னொரு பயணம் தலையில் விழும்.

சட்டத்தில் இல்லாத, பணமும் அதிகம் ஆகாத விஷயங்கள்தான் அவருக்கு நிஜமாகப் பயன்படும். ஆறு மாதம் முன்பே தேதியைச் சொல்லிவிடுங்கள். வேலை செய்த வருடங்கள், செய்த வேலைகள், முதியவரைப் பார்த்துக்கொண்டாரா, எந்த மருந்து, எந்தக் கருவி என்று விவரமாக ஒரு கடிதம் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். 'நல்ல பெண், நேர்மையானவர்' என்று இரண்டு வரி எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. பாட்டியைப் பார்த்துக்கொண்டவர் என்றால் போவதற்கு முன் இங்கேயே ஒரு பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள். அது ஏன் முக்கியம் என்று கீழே வேலைவாய்ப்புக் கேள்வியில் சொல்கிறேன்.

அப்புறம், ஓய்வூதியம். நமக்கு மத்திய சேமநிதி இருக்கிறது, பணிப்பெண்களுக்கு இல்லை. அவர்களுக்குள்ள ஒரே வழி சொந்த நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிதியான எஸ்.எஸ்.எஸ். 2018 சட்டப்படி வெளிநாட்டுத் தொழிலாளருக்கு இது கட்டாயம், ஆனாலும் கட்டாதவர்கள் ஏராளம். 120 மாதம் கட்டியிருந்தால் 60 வயதிலிருந்து வேலையை விட்டவருக்கு மாத ஓய்வூதியம் வரும். இதற்காக அவர் கட்ட வேண்டியது 2025 விகிதப்படி குறைந்தபட்சம் மாதம் 1,200 பெசோ, அதாவது முப்பது வெள்ளிக்கும் குறைவு. விட்டுப்போன வருடங்களுக்குப் பின்னோக்கிக் கட்ட முடியாது என்பதால் போகும் வருடத்தில் தங்கச் சங்கிலி வாங்கித் தருவதைவிட, வேலையில் இருக்கும்போதே இதை மாதாமாதம் கட்டிவருவது மேல் என்பது என் கருத்து.

மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் கடை வைக்கச் சொல்லலாமா?

கொடுங்கள், நல்ல மனசு. 'கடை வை' என்று மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். ஊர் திரும்பும் பலருக்கும் முதலில் தோன்றுவது சாரி-சாரி எனப்படும் பெட்டிக்கடை. ஷாம்பு பாக்கெட், ஒற்றை சிகரெட், ஒரு கரண்டி எண்ணெய் என்று சில்லறையாக விற்பது. ஒரே தெருவில் நாலைந்து கடைகள் ஏற்கெனவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கடை என்றால் உறவினர்கள் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்வார்கள், மறுக்க முடியாது. சில மாதத்தில் சரக்குக் கடனாகப் போய்விடும், கடையில் தட்டு மட்டும் மிஞ்சும்.

அடுத்தது பன்றி வளர்ப்பு. 2019 செப்டம்பரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்நாட்டில் உறுதியானதிலிருந்து சிறு வளர்ப்பாளர்கள் பலர் ஒரே வாரத்தில் கொட்டிலைக் காலி செய்தார்கள். மூன்றாவது, டிரைசிக்கிள் வாங்கி வாடகைக்கு விடுவது. வண்டியை வாடகைக்கு ஓட்ட நகராட்சியின் உரிமம் தனியாக வேண்டும் என்பதே வண்டி வாங்கிய பிறகுதான் சிலருக்குத் தெரிகிறது.

தொழில் ஓடாதபோது கை நீளும் இடம் 'ஃபைவ்-சிக்ஸ்' வட்டிக்காரர். ஐந்து வாங்கினால் ஆறு கட்ட வேண்டும், அதுவும் சில வாரங்களில். மோட்டார் சைக்கிளில் தினம் வந்து வசூலிப்பார்கள். இந்தத் தொழிலில் இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபியர், பெயர் பெற்றவர்கள் என்பதால் அங்கே வட்டிக்காரர் என்றாலே 'பும்பாய்' என்பார்கள். உங்கள் பெரிய தொகை ஒருவேளை தொழிலுக்குப் போகாமல் பழைய கடனை அடைக்கப் போனால் அதையும் தப்பாகப் பார்க்காதீர்கள். அந்த வட்டியிலிருந்து வெளியே வருவதே பெரிய லாபம்.

தொகையை வைத்துக்கொண்டு யோசிக்க அவகாசம் வேண்டும் என்றால், அரசு வீட்டுவசதி நிதியான பாக்-இபிக்கில் எம்.பி.2 என்ற ஐந்தாண்டுச் சேமிப்பு இருக்கிறது. 500 பெசோவிலிருந்து போடலாம். 2023, 2024 இரண்டு ஆண்டும் 7 சதவீதத்துக்குச் சற்று மேல் தந்தது, வரியில்லை.

இத்தனை வருடம் அனுப்பிய பணம் எங்கே போனது? கையில் ஒன்றுமில்லை என்கிறாரே.

வீட்டுக்கூரை, தம்பியின் கல்லூரி, அப்பாவின் டயாலிசிஸ், புயலுக்குப் பிறகு மறுபடியும் கூரை. ஊதாரித்தனம் என்று நாம் நினைப்பது குறைவு. ஒருவர் சம்பளத்தில் பத்துப் பேர் நிற்கும்போது சேமிப்புக்கு இடமிருக்காது. வாங்கியவர்களுக்கும் அது சம்பளம் என்று தெரியாது, மாதம் பிறந்தால் வருவது என்றுதான் தெரியும்.

லகூனா மாநிலம் சான் பாப்லோவில் இயங்கும் அதிகா என்ற அமைப்பு இதற்காகவே குடும்பத்தோடு சேர்த்து வரவு செலவுப் பயிற்சி நடத்துகிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கு மட்டும் சேமிக்கச் சொல்லித்தருவதில் பாதிப் பலன்தான். ஊரில் செலவு செய்பவரும் அதே கணக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் நாங்கள் சொல்வது: திரும்பும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே, 'இந்த மாதத்திலிருந்து இவ்வளவுதான்' என்று குறைத்து அனுப்பத் தொடங்குங்கள். சண்டை வரும். ஊருக்குப் போன பிறகு வருவதைவிடச் சிறிய சண்டையாக இருக்கும்.

பரிசுப் பெட்டிக்குச் சுங்க வரி உண்டா?

பாலிக்பாயன் பெட்டி என்கிறார்கள். குடும்பத்துக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு காலண்டர் ஆண்டில் மூன்று முறை வரை, மொத்த மதிப்பு 1.5 லட்சம் பெசோவைத் தாண்டாமல் இருந்தால் வரியில்லை. வியாபார அளவில் ஒரே பொருளை அடுக்கி அனுப்பினால் பிடிப்பார்கள். ஒரேயடியாகத் திரும்புகிறவருக்கு வரம்பு வேறு: 5 ஆண்டுக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு 1.5 லட்சம், 5 முதல் 10 ஆண்டு என்றால் 2.5 லட்சம், அதற்கு மேல் 3.5 லட்சம் பெசோ.

ஊரில் வேலை கிடைக்காதா? இவ்வளவு அனுபவம் இருக்கிறதே.

கிடைக்கும், சம்பளம்தான் பிரச்சினை. 2025இல் மணிலா வட்டாரத்தில் வீட்டுப் பணியாளருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 7,000 பெசோவாக இருந்தது. மேலே சொன்ன 30,000க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். யார் போவார்கள்? அதே வட்டாரத்தில் மற்ற வேலைகளுக்கான குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையில் நாளுக்கு 695 பெசோ ஆனது, மாதம் ஏறக்குறைய 18,000.

பராமரிப்புச் சான்றிதழ் உதவுவது இந்த இடத்தில்தான். 2023இல் வந்த பராமரிப்பாளர் நலச் சட்டப்படி, பயிற்சி பெற்ற பராமரிப்பாளருக்கு அந்த வட்டாரத்தின் பொதுவான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும். அதே வீட்டில் அதே பாட்டியைப் பார்த்துக்கொண்டாலும் 'வீட்டுப் பணியாளர்' என்ற பட்டியலிலிருந்து 'பராமரிப்பாளர்' பட்டியலுக்கு மாறினால் கூலி இரண்டு மடங்குக்கு மேல். டெஸ்டா என்ற அரசுத் தொழிற்பயிற்சி அமைப்பில் அனுபவம் உள்ளவர்கள் நேரடியாகத் திறன் தேர்வுக்குப் போகலாம். நீங்கள் தரும் விவரமான கடிதம் அங்கே கைகொடுக்கும்.

வேலைக்கு ஆள் எடுப்பதில் வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 2016இல் சட்டம் வந்தது. விளம்பரங்களில் வயது போடுவது குறைந்திருக்கிறது, நேர்காணலில் பார்ப்பது குறையவில்லை. ஆசிரியர் படிப்பு படித்துவிட்டு வீட்டு வேலைக்கு வந்தவர்கள் நிறைய உண்டு. அவர்களைத் திரும்பவும் பள்ளிகளில் சேர்க்க 'சா பினாஸ், இக்காவ் ஆங் மேம், சார்' என்று தனித் திட்டமே இருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பவர் என்ன படித்தார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

ஒப்பந்தம் முடியும் முன்பே துரத்திவிட்டார்கள். மீதி மாதச் சம்பளம் கேட்க முடியுமா?

சரியான காரணமில்லாமல் நீக்கியிருந்தால் கேட்கலாம். பிலிப்பீன்ஸ் சட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம், வெளிநாட்டு முதலாளியைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. அவரை அனுப்பிய உள்ளூர் ஏஜென்சியும் முதலாளியும் கூட்டாகப் பொறுப்பு. ஏஜென்சியிடமே முழுத்தொகையும் கேட்கலாம். முதலில் முப்பது நாள் சமரசப் பேச்சு, முடியாவிட்டால் தேசியத் தொழிலாளர் உறவு ஆணையத்தில் வழக்கு. பணக் கோரிக்கைக்கு மூன்று வருடக் கெடு.

ஒரு காலத்தில், எஞ்சிய ஒப்பந்தத்தில் வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் மட்டும் என்று ஒரு வரம்பு இருந்தது. 2009இல் ஒரு மாலுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு எதிரானது என்றது. நாடாளுமன்றம் 2010 திருத்தத்தில் அதே வரியை மறுபடி செருகியது. 2014இல் தைவானிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில் நீதிமன்றம் மறுபடி அடித்தது. ஆகவே 'மூன்று மாதம்தான் தருவோம்' என்று ஏஜென்சி சொன்னால் அது பழைய பாட்டு.

சிங்கப்பூரில் சம்பள பாக்கி என்றால் விமானம் ஏறும் முன்பே மனிதவள அமைச்சிடமோ இல்லப் பணியாளர் நிலையத்திடமோ புகார் கொடுக்கச் சொல்லுங்கள். கிளம்பிப் போன பிறகு இங்கே வாதாடுவது மிகக் கஷ்டம்.

நிறுவனமே திவாலாகிவிட்டால்?

சவூதியில் 2015, 2016 வாக்கில் கட்டுமான நிறுவனங்கள் சரிந்தபோது சுமார் 10,000 பிலிப்பினோக்கள் சம்பளம் வாங்காமல் ஊர் திரும்பினார்கள். 2022 நவம்பரில் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான், அந்தப் பாக்கியை அரசே கொடுக்கும் என்று அதிபர் மார்கோஸிடம் உறுதி சொன்னார். காசோலைகள் 2024இல்தான் வரத் தொடங்கின. எட்டு வருடம். சம்பளச் சீட்டு, ஒப்பந்த நகல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

வெளிநாட்டில் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு என்ன?

உடலை ஊருக்குக் கொண்டுபோகும் செலவு ஏஜென்சியும் முதலாளியும் ஏற்க வேண்டியது. ஓவ்வா உறுப்பினர் என்றால் இயற்கை மரணத்துக்கு 1 லட்சம், விபத்துக்கு 2 லட்சம் பெசோ, அதோடு ஈமச் செலவுக்கு 20,000. ஏஜென்சி வழியாகப் போனவருக்கு ஏஜென்சி கட்டாயமாக எடுத்திருக்க வேண்டிய காப்பீடும் உண்டு: இயற்கை மரணத்துக்கு குறைந்தது 10,000, விபத்து மரணத்துக்கு 15,000 அமெரிக்க டாலர். ஓவ்வாவைக் கேட்கும் குடும்பங்கள் இந்தக் காப்பீட்டைக் கேட்காமல் விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். பிள்ளையின் படிப்புக்கும் துணைவரின் தொழிலுக்கும் சிறு தொகை தரும் திட்டமும் இருக்கிறது.

பிள்ளைகள் அம்மாவிடம் ஒட்டவில்லை. ஊருக்குப் போனதும் அழுதுகொண்டு எனக்கே போன் செய்கிறார்.

இதற்கு அலுவலகம் கிடையாது. மூன்று வயதில் விட்டுப் போன பிள்ளை பதினைந்து வயதில் எதிரே நிற்கிறது. அதற்குப் பசித்தால் பாட்டியைத்தான் கூப்பிடும். அம்மா வந்த முதல் வாரமே வீட்டுக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தால் பாட்டிக்கும் வருத்தம், பிள்ளைக்கும் கோபம். அனுபவப்பட்டவர்கள் சொல்லும் யோசனை: முதல் சில மாதம் பாட்டியின் ஏற்பாட்டை மாற்றாதீர்கள், பள்ளிக்குக் கூட்டிப்போவது மாதிரி ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓவ்வாவின் 'குடும்ப வட்டம்' குழுக்கள் ஊருக்கு ஊர் உண்டு. அங்கே இதே கதையோடு வேறு தாய்மார் இருப்பார்கள்.

அம்மா இன்னும் வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். 2022இல் திருத்தப்பட்ட தனிப்பெற்றோர் சட்டப்படி, குறைந்த சம்பள வேலையில் தொடர்ந்து 12 மாதம் வெளிநாட்டில் இருப்பவரின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கணவரோ பாட்டியோ சித்தியோ தனிப்பெற்றோர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நகராட்சியின் சமூகநல அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

கணவருக்கு ஊரில் வேறு குடும்பம் இருக்கிறதாம். வீடும் கணவர் பேரில். விவாகரத்து செய்ய முடியுமா?

பிலிப்பீன்ஸில் முஸ்லிம்களுக்குத் தவிர விவாகரத்துச் சட்டம் இல்லை. திருமணமே செல்லாது என்று அறிவிக்கக் கோரும் வழக்கு இருக்கிறது, செலவும் காலமும் பிடிக்கும். ஆனால் 2004ஆம் ஆண்டுப் பெண்கள், சிறார் வன்முறைத் தடுப்புச் சட்டம் மனரீதியான, பொருளாதார ரீதியான கொடுமையையும் குற்றமாக்குகிறது. அடியோ அடிப்பேன் என்ற மிரட்டலோ இருந்தால், பாதுகாப்பு ஆணைக்குப் பரங்காய் எனப்படும் ஊர் நிர்வாகத்தையே முதலில் அணுகலாம்.

வீடு கணவர் பேரில் இருப்பதாலேயே கணவருடையது ஆகிவிடாது. 1988 ஆகஸ்ட் 3க்குப் பின் முன் ஒப்பந்தமில்லாமல் மணந்தவர்களுக்குச் சொத்து பொதுவாக இருவருக்கும் சொந்தம். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு விற்றால் விற்பனை செல்லாது. அண்ணன் பேரிலோ அம்மா பேரிலோ வாங்கியிருந்தால்தான் சிக்கல் அதிகம். அப்போது பணம் அனுப்பிய ரசீதுகள்தான் ஆதாரம். அவர் இங்கே இருக்கும்போதே ஊரில் நிலம் வாங்க யாருக்காவது அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், எந்த நிலம், எந்தக் காரியம், எந்தத் தேதி வரை என்று எல்லையோடு எழுதச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் சான்றுறுதி செய்து அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க வைக்கும்) முத்திரை வாங்கினால் அங்கே செல்லும், 2021 செப்டம்பரிலிருந்து இரு நாடுகளும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன.

அடிபட்டு, அவமானப்பட்டு வந்தவர் யாரிடமும் பேச மறுக்கிறார். யார் உதவுவார்கள்?

தொண்டு அமைப்புகளில் அனுபவம் அதிகம். மணிலாவில் கன்லுங்கன் மையம் 1989இலிருந்து இயங்குகிறது. ஜப்பானில் கேளிக்கை விடுதிகளில் வேலை செய்து திரும்பிய பெண்களுக்காகத் தொடங்கியவை பாத்திஸ், டான் போன்ற அமைப்புகள். ஆலோசனையோடு தையல், நெசவு என்று கைக்கு வேலையும் தருகிறார்கள், கூடிப் பேசுவதற்கு அதுவே சாக்காகிறது. ஜப்பானியத் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகளின் விவகாரத்தையும் பார்க்கிறார்கள். பெற்றோர் மணமாகாமல் இருந்தாலும், பிறந்த பிறகு தந்தை அங்கீகரித்த பிள்ளைக்குக் குடியுரிமை கேட்கும் வழியை ஜப்பான் 2008இல்தான் திறந்தது.

நீங்கள் தூரத்திலிருந்து செய்யக்கூடியது, நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாமல் இருப்பது. வழக்குப் போடுவதாக இருந்தால் மருத்துவ அறிக்கையும் புகைப்படமும் தேதியோடு எடுத்துவைக்க மட்டும் நினைவூட்டுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு வருடத்தில் மறுபடி துபாய்க்குப் போகிறேன் என்கிறாரே. எல்லாம் வீண்தானா?

ஏன் வீணாக வேண்டும்? மேலே உள்ள சம்பளக் கணக்கை இன்னொரு முறை பார்த்தால் போதும். பிள்ளையின் கடைசி இரண்டு கல்லூரி வருடத்துக்காகப் போகிறவரை நான் தடுக்க மாட்டேன். கடனை அடைக்கக் கடன் வாங்கிப் போகிறவரிடம் மட்டும் உட்கார்ந்து பேசுவேன். வீட்டு வேலைக்குப் போகிறவரிடம் ஏஜென்சி வேலைக் கட்டணம் வாங்கவே கூடாது என்பது 2006இலிருந்து பிலிப்பீன்ஸ் விதி. கேட்டால் அந்த ஏஜென்சியை விட்டு விலகச் சொல்லுங்கள். இந்தத் தடவை ஓவ்வாவும் எஸ்.எஸ்.எஸ்.ஸும் முதல் மாதத்திலிருந்தே கட்டட்டும்.

வயது 58, சேமிப்பில்லை, ஊரில் அண்ணன் குடும்பமும் 'இங்கே இடமில்லை' என்கிறது. இனி என்ன வழி?

கடினமான நிலைதான், வழியில்லாமல் இல்லை. முதலில் எஸ்.எஸ்.எஸ். கணக்கில் எத்தனை மாதம் கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். 90, 100 மாதம் என்று இருந்தால் ஊருக்குப் போன பின்னும் தானே தொடர்ந்து கட்டி 120ஐ நிரப்பலாம், அந்தக் காலத்துக்கான பணத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பெரிய உதவி. மிகக் குறைவாக இருந்தால் ஓய்வூதியம் எட்டாது, கட்டியதைத்தான் மொத்தமாகத் தருவார்கள். 60 ஆனதும் நகராட்சியின் முதியோர் அலுவலகத்தில் அட்டை எடுத்தால் மருந்துக்கும் பேருந்துக்கும் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. வருமானமே இல்லாத முதியவருக்கு மாதம் 1,000 பெசோ சமூக ஓய்வூதியமும் இருக்கிறது.

தங்கும் இடத்துக்கு, அவரோடு வேலை பார்த்துத் திரும்பிய தோழிகளைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, முன்பு சொன்ன குழு உதவிக்குப் பதிவு செய்து சிறு தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் இருக்கும் வீடு அவர் அனுப்பிய பணத்தில் கட்டியது என்றால் ரசீதுகளை எடுத்துக்கொண்டு முதலில் பரங்காய் சமரசத்துக்குப் போகட்டும். வக்கீலுக்குச் செலவழிப்பதற்கு முன் அங்கே ஒருமுறை பேசிப் பார்ப்பது நடைமுறைதான். நீதிமன்றமும் பெரும்பாலும் அதைக் கேட்கும்.